நத்தாருக்குப் பின் வரும் ஆறு வாரங்கள்: வழிபாட்டில் உள்ளம் புத்துயிர் பெற ஒரு வழிகாட்டி

ஜனவரி இரண்டாம் ஞாயிறு காலை ஆராதனைக்காக எங்கள் தேவாலயத்துக்குள் நுழையும்போது முதலில் கண்ணில் படுவது வாங்குகளின் வெறுமைதான். நத்தார் இரவில் உள்ளே இடம் போதாமல் முற்றத்தில் கதிரை போட்டு அமர்ந்திருந்த கூட்டத்தில் பாதிப்பேர்கூட அன்று வருவதில்லை. சவுக்கு மரம் நின்ற மூலையில் உதிர்ந்த இலைகள் கூட்டப்படாமல் கிடக்கும். பாடகர் குழுவில் சிலருக்குத் தொண்டை கட்டியிருக்கும். வெளியே வாடைக்காற்று மழை விடாமல் பெய்வதால் போதகரின் குரல் கூரையின் இரைச்சலுக்குள் அமிழ்ந்து போகும். ஆண்டுதோறும் அந்த ஆராதனை முடிந்ததும் யாராவது ஒருவர் என்னிடம் வந்து, குரலைத் தாழ்த்தி, ஏறத்தாழ ஒரே விடயத்தைச் சொல்வதுண்டு. பண்டிகை நன்றாகத்தான் நடந்தது, எல்லோரும் வந்து போனார்கள், ஆனால் ஜெபிக்க உட்கார்ந்தால் ஒன்றும் வருவதில்லை என்பார்கள்.

அவர்களை மனத்தில் வைத்தே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். நான் மெதடிஸ்த சபையைச் சேர்ந்தவன். தாய் வழியில் என் உறவினர் பலர் கத்தோலிக்கர். ஆகவே இரு மரபுகளின் சொற்களும் இதில் கலந்தே வரும். ஞானிகள் பாலனைக் கண்டதை நினைவுகூரும், ஜனவரி 6 ஆம் திகதி வரும் திருக்காட்சிப் பெருவிழா முதல், தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் வரையுள்ள நாட்களே இதன் எல்லை. சாம்பல் புதன், உயிர்த்த ஞாயிறு வரும் நாளைப் பொறுத்து, பெப்ரவரி 4 க்கும் மார்ச் 10 க்கும் இடையில் எந்தப் புதன்கிழமையிலும் வரக்கூடும் என்பதால், இந்த இடைவெளி சில ஆண்டுகளில் நான்கு வாரங்களாகச் சுருங்கும், சில ஆண்டுகளில் ஒன்பது வாரங்களாக நீளும். ஆறு வாரங்கள் என்று மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். கத்தோலிக்கர் பொதுக்காலம் என்று அழைக்கின்ற, விழாக்கள் அதிகம் இல்லாத இந்த வாரங்களில்தான் ஆன்மா ஆறி, மீண்டும் வேர்விடுகிறது என்பது என் உறுதியான நம்பிக்கை. நத்தாரைவிடப் பெரிய இன்னொரு எழுப்புதல் கூட்டத்தைத் தேடிப் போனவர்கள் பிப்ரவரியிலும் அதே வெறுமையோடு திரும்பி வந்ததைக் கண்டிருக்கிறேன். சாதாரண ஞாயிறு ஆராதனைக்கு ஒழுங்காகத் திரும்பியவர்கள் மெல்ல மெல்லத் தேறியதையும் கண்டிருக்கிறேன்.

வெறுமை எங்கிருந்து வருகிறது

விசுவாசம் குறைந்துவிட்டது என்று எவரும் அவசரப்பட்டுத் தம்மைக் குற்றஞ்சாட்ட வேண்டியதில்லை. டிசம்பர் மாதம் முழுவதும் கரோல் குழுவோடு வீடு வீடாகச் சென்று நள்ளிரவு தாண்டி வீடு திரும்பியவர்கள், 24 ஆம் திகதி இரவும் 31 ஆம் திகதி இரவும் விழித்திருந்தவர்கள், குசினியை விட்டு வெளியே வராமல் பலகாரம் சுட்ட தாய்மார், இவர்களின் உடல் களைத்திருக்கிறது என்பதே முதற் காரணம். பிள்ளைகளின் உடுப்புக்காக அடகு வைத்த நகையும், அதை மீட்பதற்கு முன்னரே வந்து நிற்கும் பாடசாலைச் செலவும் இரண்டாவது காரணம். கனடாவிலிருந்தோ சுவிட்சர்லாந்திலிருந்தோ வந்த மகனைக் கட்டுநாயக்க விமான நிலையத்தில் விட்டுவிட்டு இரவோடு இரவாகத் திரும்பும் பெற்றோர், வீட்டுக் கதவைத் திறக்கும்போது உணரும் அமைதி மூன்றாவது.

எங்கள் மட்டக்களப்புக் கரையோரத்துக்கென்று இன்னொரு காரணமும் உண்டு. 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் திகதி, நத்தாருக்கு மறுநாளான ஞாயிறு காலையில், சுனாமியாய்க் கடல் ஊருக்குள் வந்தது. நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம்; அங்கு மட்டும் இறந்தவர்கள் 10,000 க்கும் மேற்பட்டவர்கள். மட்டக்களப்பில் கல்லடியும் நாவலடியும் டச்பாரும் சிதைந்தன. அன்று முதல் எங்கள் நத்தார் மகிழ்ச்சிக்கு இருபத்துநான்கு மணித்தியால ஆயுள்தான். மறுநாள் காலையில் நினைவிடத்தில் மெழுகுதிரி ஏற்ற வேண்டியிருக்கிறது. அடுத்த ஆண்டே, 2005 ஆம் ஆண்டின் நத்தார் திருப்பலி வேளையில், பாராளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் மட்டக்களப்பு புனித மரியாள் பேராலயத்துக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டார். 2019 ஏப்ரல் 21 ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று சீயோன் தேவாலயத்தில் நடந்த குண்டுவெடிப்பு சிறுவர்கள் உட்படப் பலரின் உயிரைப் பறித்தது. திருநாளும் துக்கமும் ஒரே வாங்கில் அருகருகே அமர்ந்திருக்கும் ஊர் இது. திருநாட் கூட்டத்துக்குள் நுழையவே அஞ்சும் சிலர், ஆட்கள் குறைந்த ஜனவரி ஞாயிறில் மட்டும் நிம்மதியாக வந்து அமர்வதை நான் அறிவேன். அந்த வெறும் வாங்குகளை நான் குறையாக எண்ணாததற்கு அதுவும் ஒரு காரணம்.

முதற் படி: உறக்கமும் உணவும்

வேதாகமத்தில் சோர்ந்துபோனவர்களுள் எலியாவைப் போல எனக்கு ஆறுதல் தருபவர் வேறு எவரும் இல்லை. கர்மேல் மலையில் பெருவெற்றி கண்ட மறுகணமே அவர் வனாந்தரத்துக்கு ஓடி, ஒரு சூரைச்செடியின் கீழ் படுத்து, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்கிறார். இராஜாக்களின் முதலாம் புத்தகம், கத்தோலிக்க மொழிபெயர்ப்பில் அரசர்கள் முதல் நூல், அதன் 19 ஆம் அதிகாரத்தில் இந்த நிகழ்வு இருக்கிறது. தேவதூதன் வந்து அவரைக் கண்டிக்கவில்லை. ஜெபிக்கச் சொல்லவும் இல்லை. தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் வைத்து, எழுந்து சாப்பிடு என்று தொட்டு எழுப்புகிறான். எலியா சாப்பிட்டு மறுபடியும் படுத்துவிடுகிறார். தூதன் இரண்டாம் முறையும் அதையே செய்கிறான். ஓரேப் மலைக்குப் போகும் நாற்பது நாள் நடையும், அங்கே கேட்ட மெல்லிய குரலும் அதற்குப் பின்னரே வருகின்றன.

ஆகவே ஜனவரியின் முதல் வாரத்தில் புதிய பொருத்தனைகள் எதையும் செய்ய வேண்டாம் என்றே சொல்வேன். வேதாகமத்தை ஓராண்டில் வாசித்து முடிப்பேன், அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து ஜெபிப்பேன் என்று களைத்த உடலோடு எடுக்கும் தீர்மானங்கள் தைப்பொங்கலுக்கு முன்னரே உடைந்து, கூடுதலாக ஒரு குற்ற உணர்வை விட்டுச் செல்கின்றன. இரவு ஒன்பதரைக்குள் படுங்கள். கைத்தொலைபேசியைப் படுக்கையறைக்கு வெளியே வையுங்கள். பத்து நாட்கள் கேக்கும் பலகாரமும் தின்ற வயிற்றுக்குக் கஞ்சியும் கீரையும் கொடுங்கள். படுக்குமுன் ஒரே ஒரு வாக்கியத்தில் நன்றி சொல்லிவிட்டு உறங்குங்கள். அந்த வாரத்துக்கு அந்த ஜெபம் போதும்.

இரண்டாம் படி: துக்கத்தையும் ஆலயத்துக்குள் கொண்டு வருதல்

டிசம்பர் 26 ஆம் திகதி கடற்கரையில் அழுதவர்கள் ஞாயிறன்று ஆலயத்துக்கு வரும்போது முகத்தைத் துடைத்துக்கொண்டு வருகிறார்கள். இதை மாற்ற வேண்டும். சங்கீதங்களில் பெரும்பங்கு புலம்பல். அவற்றை இஸ்ரவேலர் தனியறையில் ஒளித்து வைக்கவில்லை, தேவாலயத்தில் கூடிப் பாடினார்கள்.

கத்தோலிக்கர் திருப்பாடல்கள் என்று அழைக்கும் சங்கீதங்களில் 77 ஆம் சங்கீதத்தை எங்கள் ஜெபக்கூட்டத்தில் ஒவ்வொரு ஜனவரியும் வாசிக்கிறோம். கண்ணிமைகளை மூடவிடாமல் வைத்திருக்கும் துயரில் தொடங்கி, கடவுள் இரக்கம் காட்ட மறந்துவிட்டாரோ என்று நேரடியாகக் கேட்டு, கடைசியில், கடலுக்குள் அவருடைய வழி இருந்தது, ஆனால் அவருடைய காலடித் தடங்கள் தெரியவில்லை என்ற இடத்தில் வந்து நிற்கிறது அந்தச் சங்கீதம். கல்லடிக் கரையில் குடும்பத்தில் நால்வரை இழந்த ஒரு முதியவர் எங்கள் கூட்டத்துக்கு வருவதுண்டு. அந்த வசனம் வரும்போது அவர் வேதாகமத்தை மூடிவிட்டு, அட்டையின் மேல் இரு கைகளையும் வைத்துக்கொண்டு, மற்றவர்கள் வாசித்து முடிக்கும்வரை அப்படியே இருப்பார். ஏன் என்று எவரும் கேட்பதில்லை. அந்த மௌனமும் எங்கள் ஆராதனையின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது.

இதைச் செய்யும் முறை எளிது. இறந்தவர்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதி, மன்றாட்டு வேளையில் வாசிக்கும்படி உங்கள் போதகரிடமோ பங்குத்தந்தையிடமோ முன்கூட்டியே கொடுங்கள். கத்தோலிக்கராயின் அவர்களுக்காகத் திருப்பலி ஒன்றை ஒப்புக்கொடுக்கலாம். சபையில் அதற்கு இடமில்லை என்றால், மூன்று நான்கு குடும்பங்கள் ஒரு வீட்டில் கூடி 77 ஆம், 130 ஆம் சங்கீதங்களை மெதுவாக வாசித்து, பெயர்களைச் சொல்லி, சிறிது நேரம் பேசாமல் இருந்து, கர்த்தர் கற்பித்த ஜெபத்தோடு கலைந்து செல்லுங்கள். ஆறுதல் வார்த்தை சொல்லியே ஆகவேண்டும் என்ற அவசரம் எவருக்கும் வேண்டாம்.

மூன்றாம் படி: குடிலைக் கழற்றும் மாலை

பாலன் குடிலைக் கழற்றும் வேலையை அநேக வீடுகளில் தாய் ஒருவரே, எல்லோரும் வெளியே போன நேரத்தில், வீடு கூட்டுவதுபோலச் செய்து முடிக்கிறார். குடில் கட்டும்போது வீடே கூடியிருந்தது; கழற்றும்போதும் கூடட்டும். கத்தோலிக்க நாட்காட்டியில் நத்தார் காலம் ஆண்டவரின் திருமுழுக்கு விழாவோடு நிறைவடைகிறது. பெப்ரவரி 2 ஆம் திகதி வரை குடிலை வைத்திருக்கும் பழைய வழக்கமும் உண்டு. உங்களுக்கு வசதியான ஒரு மாலையைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

முதலில் லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தில் இடையர்கள் திரும்பிச் செல்லும் பகுதியை ஒரு பிள்ளை வாசிக்கட்டும். அவர்கள் மகிமைப்படுத்திக்கொண்டே திரும்பினார்கள் என்று லூக்கா எழுதுகிறார். திரும்பிப் போனது அதே மந்தைக்கு, அதே இரவுக் காவலுக்கு. பின்னர் மத்தேயு இரண்டாம் அதிகாரத்தில் ஞானிகள் வேறு வழியாகத் தம் நாட்டுக்குப் போனதை வாசியுங்கள். ஒரே குழந்தையைக் கண்டவர்களில் சிலர் பழைய வேலைக்கே திரும்புகிறார்கள், சிலர் வந்த வழியை மாற்றிக்கொள்கிறார்கள். இந்த ஆண்டு எனக்கு எது வேண்டியிருக்கிறது என்ற கேள்விக்கு வீட்டில் ஒவ்வொருவரும் பதில் சொல்லட்டும். சின்னப் பிள்ளைகள் சொல்வதைத் திருத்தாமல் கேளுங்கள்.

பிறகு உருவங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பத்திரிகைக் கடதாசியில் சுற்றுங்கள். எங்கள் வீட்டுக் குடிலில் முன்னங்கால் உடைந்த ஓர் ஆட்டுக்குட்டி இருக்கிறது. என் தகப்பனார் அதற்கு ஈர்க்குச் சிராய் ஒன்றைப் பசையால் ஒட்டிக் காலாக்கி வைத்தார், வர்ணம் பூசவில்லை, சுண்ணாம்பு வெள்ளை உடலில் அந்த ஒரு கால் மட்டும் பழுப்பாக நிற்கும். அவர் இறந்து பல ஆண்டுகளாகின்றன. அந்த ஆட்டுக்குட்டியைச் சுற்றுவது யார் என்பதில் பேரப்பிள்ளைகளுக்குள் இப்போதும் போட்டி. கடைசியாகப் பாலனை எடுத்து, வைக்கோலில் ஒரு பிடியை ஒரு கடித உறைக்குள் போட்டு, உங்கள் வேதாகமத்துக்குள் வையுங்கள். ஜூலை மாதத்தில் பக்கத்தைப் புரட்டும்போது அது கையில் தட்டுப்படும்.

நான்காம் படி: ஞாயிறு

இதுவே இந்த வழிகாட்டியின் நடுப்பகுதி. மற்றவை எல்லாம் இதற்கு வழிவிடுவதற்காகவே. ஆறு ஞாயிறுகள், ஒன்றையும் தவறவிடாமல், உங்கள் சொந்தச் சபையின் வழக்கமான ஆராதனைக்கு அல்லது பூசைக்குச் செல்வதென்று முடிவு செய்யுங்கள். இணையவழியில் வரும் பெரிய சபைகளின் ஆராதனைகள் நோயாளிகளுக்கு நல்ல துணை. நடந்து போகக் கூடியவர்களுக்கு அவை பதிலாக முடியாது. பக்கத்தில் இருப்பவரின் இருமல், கையில் கொடுக்கப்படும் பாட்டுப் புத்தகம், காணிக்கைப் பை, திருவிருந்தின் அப்பம், இவையெல்லாம் உடலோடு வந்தவருக்கே கிடைக்கின்றன.

ஞாயிறு ஆராதனை சனிக்கிழமை மாலையிலேயே தொடங்குகிறது. யூத மரபில் நாள் என்பது மாலையில் தொடங்குவது என்பதை நினைத்துப் பாருங்கள். உடுப்பை அன்றே அழுத்தி வையுங்கள்; காணிக்கையை எண்ணி உறையில் போடுங்கள், ஆலய வாசலில் சில்லறை தேட வேண்டியிருக்காது. மறுநாள் வாசிக்கப்படும் வேதபகுதிகளைப் படியுங்கள். கத்தோலிக்கத் திருச்சபைக்கு மூன்றாண்டுச் சுழற்சியில் ஞாயிறு வாசகங்கள் வகுக்கப்பட்டிருக்கின்றன. மெதடிஸ்த, அங்கிலிக்கன் சபைகளிலும் இதையொத்த பட்டியல் பயன்பாட்டில் உள்ளது. நற்செய்தியை மட்டும் இரண்டு தடவை, ஒரு தடவை வாய்விட்டு, வாசித்தால் போதும். மறுநாள் அதே சொற்கள் பீடத்திலிருந்து வரும்போது, அறிந்த ஒருவரின் குரலைக் கூட்டத்தில் கேட்பது போல இருக்கும்.

பதினைந்து நிமிடம் முன்னதாகப் போய் அமருங்கள். மழைக்காலத்தில் அரைமணிக்கு முன்னரே வீட்டை விட்டுப் புறப்பட வேண்டும், ஏனெனில் ஏறாவூரிலிருந்தோ களுவாஞ்சிக்குடியிலிருந்தோ வரும் பேருந்து உங்களுக்காக நேரத்துக்கு வந்து நிற்காது. அமர்ந்ததும் எதையும் கேட்க வேண்டாம். நான் வந்திருக்கிறேன் என்று மட்டும் சொல்லுங்கள். முடிந்தால், தனியாக இருக்கும் ஒருவரின் பக்கத்தில் அமருங்கள்.

ஆராதனை ஒழுங்கைப் பலரும் கடந்து போகவேண்டிய சடங்காக நினைக்கிறார்கள். அது ஒரு பயணம். கூடிவருகிறோம், வார்த்தையைக் கேட்கிறோம், பந்தியில் அமர்கிறோம், அனுப்பப்படுகிறோம். பாவ அறிக்கையில் சபை முழுவதும் ஒரே மூச்சில் ஓடும்போது நீங்கள் ஒரு சொல் பின்தங்கிச் சொல்லிப் பாருங்கள். செய்யத் தவறியவை என்ற இடத்தில் டிசம்பரில் நீங்கள் பார்க்கப் போகாத ஒருவரின் முகம் வரும். அந்த முகத்தை மறக்காதீர்கள், ஐந்தாம் படியில் அது தேவைப்படும். பாடல்களைப் பொறுத்தவரை, தொண்டை சரியில்லாவிட்டாலும் உதட்டையாவது அசையுங்கள். பழைய கீர்த்தனைகளைத் தாளம் போட்டு மெதுவாகப் பாடும் முதியவர்களை அவசரப்படுத்த வேண்டாம் என்று இளைஞர்களிடம் அன்போடு கேட்டுக்கொள்கிறேன். அவர்கள் அந்தப் பாட்டைப் பதுங்குகுழிகளிலும் முகாம்களிலும் பாடியவர்கள். நமக்குப் பாட வராத வாரத்தில் அவர்கள் நமக்காகவும் பாடுகிறார்கள்.

பிரசங்கத்திலிருந்து ஒரே ஒரு வாக்கியத்தை வீட்டுக்குக் கொண்டுபோங்கள். எல்லாப் பிரசங்கமும் நன்றாக இருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் மூன்று சபைகளுக்கு ஓடித் திரியும் ஒரு போதகர் களைப்போடு சொன்ன பிரசங்கத்திலும் அந்த ஒரு வாக்கியம் இருந்ததை அநேகம் முறை கண்டிருக்கிறேன். அதைக் காணிக்கை உறையின் பின்புறத்தில் எழுதி, குசினியில் தேயிலைப் போத்தலுக்கு மேல் ஒட்டி வையுங்கள். அடுத்த ஞாயிறு வரை அது அங்கேயே இருக்கட்டும்.

திருவிருந்து, நற்கருணை, எந்தப் பெயரால் அழைத்தாலும், புத்துயிரின் ஊற்று அதுதான். கல்முனை, தம்பிலுவில் போன்ற இடங்களில் சிறிய சபைகள் சிலவற்றுக்கு மாதம் ஒருமுறைதான் அது கிடைக்கிறது. அந்த ஞாயிறை நாட்காட்டியில் குறித்து வைத்து, அதற்கு முந்திய மாலை உணவைச் சுருக்கிக்கொள்ளுங்கள். கையை நீட்டும்போது தகுதியை எண்ணிப் பார்க்க வேண்டாம். எலியாவுக்குக் கொடுக்கப்பட்ட அடையைப் போலவே இதுவும், பயணம் உனக்கு வெகுதூரம் என்று சொல்லிக் கொடுக்கப்படுவது. ஆசீர்வாதம் கூறியதும் வாசலுக்கு விரையாமல் ஐந்து நிமிடம் இருங்கள். பெரும்பாலும் அந்த ஐந்து நிமிடத்தில்தான், ஒரு மாதமாக வராத ஜெபம் வரும்.

ஐந்தாம் படி: ஒப்புரவும் உடன்படிக்கையும்

காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய் உன் சகோதரனோடு ஒப்புரவாகு என்று இயேசு சொன்னதை மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். பண்டிகைக் காலம் உறவுகளைச் சேர்ப்பதுபோலப் பிரிக்கவும் செய்கிறது. காணிப் பிரச்சினையும், வெளிநாட்டிலிருந்து வந்தவர் யாருக்கு என்ன கொடுத்தார் என்ற கணக்கும் நத்தார் விருந்தின்போதுதான் வெடிக்கின்றன. பாவ அறிக்கையின்போது நினைவில் வந்த அந்த முகத்தை முன்னிட்டு, மூன்றாம் வாரத்துக்குள் ஒரு தொலைபேசி அழைப்பு, முடிந்தால் நேரில் ஒரு சந்திப்பு. யார் பக்கம் நியாயம் என்று அன்று பேசத் தேவையில்லை. பார்க்க வந்தேன் என்று சொன்னால் போதும்.

கத்தோலிக்கருக்கு ஒப்புரவு அருட்சாதனம் இருக்கிறது. நத்தாருக்கு முன்னும் பெரிய வியாழனுக்கு முன்னும் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு முன்னால் நீண்ட வரிசை நிற்கும். குருவானவருக்கு ஒவ்வொருவரோடும் இரண்டு நிமிடம்கூடக் கிடைக்காது. ஜனவரியின் வாரநாள் மாலையில் போங்கள். அவருக்கும் நேரம் இருக்கும், உங்களுக்கும் பேசவேண்டியதைப் பேச இடம் இருக்கும். ஆண்டவரின் திருமுழுக்கு விழாவன்று உங்கள் திருமுழுக்கு நாள் எது என்று தேடிப்பார்த்துக் குறித்துக்கொள்வதும் நல்லது.

மெதடிஸ்தருக்கு ஆண்டின் தொடக்கத்தில் உடன்படிக்கை ஆராதனை உண்டு. 1755 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11 ஆம் திகதி, மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி லண்டனில் இதை முதன்முதலாக நடத்தினார். பின்னர் அது புத்தாண்டை ஒட்டிய வழக்கமாயிற்று. அதன் நடுவிலுள்ள ஜெபம், இனி நான் எனக்கு உரியவன் அல்லேன் என்ற ஒப்படைப்பு. எந்த வேலையில் வைத்தாலும், யாரோடு சேர்த்தாலும், பயன்படுத்தினாலும் ஒதுக்கி வைத்தாலும், நிறைவாக வைத்தாலும் வெறுமையாக வைத்தாலும் சம்மதம் என்று அதில் சொல்கிறோம். வெறுமையைக் கடவுளிடமிருந்து மறைக்காமல் உடன்படிக்கையின் ஒரு வரியாகவே வைத்திருக்கும் அந்த ஜெபத்தை விட ஜனவரிக்குப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை.

இந்த ஊரில் அதைச் சொல்லும்போது எனக்கு வில்லியம் ஓல்ட் பாதிரியாரின் நினைவு வராமல் இருப்பதில்லை. 1814 ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்த முதல் மெதடிஸ்த மிஷனரிமாருள் அவர் மட்டக்களப்புக்கு நியமிக்கப்பட்டவர். கப்பற்பயணத்திலேயே மனைவியை இழந்து, தனியாக இங்கு வந்து சேர்ந்து, நோய்க்கிடையே பள்ளிக்கூட வேலையைத் தொடங்கி, ஓராண்டுகூட நிறையாமல் 1815 இல் இங்கேயே இறந்தார். மெதடிஸ்த மத்திய கல்லூரி இன்றும் 1814 ஐயே தன் தொடக்க ஆண்டாகக் கொள்கிறது. தன் உழைப்பின் பலன் எதையும் அவர் காணவில்லை. பயன்படுத்தினாலும் ஒதுக்கி வைத்தாலும் என்ற வரியை எங்கள் சபை வாய்விட்டுச் சொல்லும் ஞாயிறில், அந்த வரிக்கு இந்த மண்ணிலேயே ஒரு கல்லறை இருக்கிறது என்பதை நினைத்துக்கொள்கிறேன்.

உங்கள் சபையில் அந்த ஆராதனை முடிந்துவிட்டிருந்தால், அதன் பிரதியைக் கேட்டு வாங்கி, ஒரு நாள் காலை உணவைத் தவிர்த்து, வீட்டில் முழங்காலில் நின்று தனியாக வாசியுங்கள். ஏதாவது ஒரு வரியைச் சொல்ல நா எழவில்லை என்றால் அங்கே நிறுத்திவிடுங்கள். அடுத்த நாள் அந்த வரியிலிருந்து தொடரலாம்.

ஆறாம் படி: வீட்டில் பத்து நிமிடம்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். இரவு உணவுக்கு முன் தொலைக்காட்சியை நிறுத்தி, ஒரு விளக்கை ஏற்றி, ஒரு சங்கீதம், வீட்டாரில் ஒவ்வொருவரும் ஒரு விண்ணப்பம், கர்த்தர் கற்பித்த ஜெபம். கத்தோலிக்கக் குடும்பமாயின் செபமாலையின் ஒரு பத்துமணி. ஐம்பத்துமூன்று மணிகளையும் தூக்கக் கலக்கத்தில் உருட்டுவதைவிட ஒரு பத்தை விழிப்போடு சொல்வது சிறந்தது என்று என் அம்மம்மாவே சொல்வார். பதின்ம வயதுப் பிள்ளைகள் முகம் சுளித்தால் அவர்களிடம் வாசிக்கும் பொறுப்பைக் கொடுங்கள்.

ஏழாம் படி: வாசலுக்கு வெளியே

தைப்பொங்கல் இந்த வாரங்களுக்குள் வருகிறது. பயிரையும் மழையையும் தந்தவருக்கு நன்றி சொல்லிக் கிறிஸ்தவத் தமிழரும் பொங்குகிறார்கள். எங்கள் பக்கம் பெரும்போக வேளாண்மை அப்போது இன்னும் வயலில்தான் நிற்கும் என்பதால், வெள்ளத்துக்குப் பயந்துகொண்டே நன்றி சொல்லும் நாள் அது. அறுவடைக்குப் பின் புது அரிசியில் ஒரு கொத்தை ஆலயத்துக்குக் கொண்டுவாருங்கள்.

ஜனவரி 18 முதல் 25 வரை கிறிஸ்தவ ஒன்றிப்புக்கான மன்றாட்டு வாரம். 1908 ஆம் ஆண்டில் தொடங்கிய இந்த வழக்கம் எங்கள் மாவட்டங்களில் பெரும்பாலும் குருமாரின் கூட்டமாகவே முடிந்துவிடுவது எனக்கு மனவருத்தம். அந்த வாரத்தில் ஒரு மாலையாவது வேறொரு சபையின் வழிபாட்டில் கலந்துகொள்ளுங்கள். நற்கருணை பெறுவதில் அவரவர் திருச்சபையின் ஒழுங்கை மதித்து, இடத்தில் அமர்ந்தபடியே ஜெபியுங்கள். மட்டக்களப்பு நகரின் புளியந்தீவில் சில நூறு அடி தூரத்துக்குள் பல மணிகள் ஒலிக்கின்றன; ஒரு மணியை மட்டும் கேட்டுப் பழகிய காதுக்கு மற்றதும் நல்லது செய்யும்.

இவற்றோடு, ஆலயத்துக்கு வரமுடியாத ஒருவரின் வீட்டுக்கு ஆறு வாரத்தில் இரண்டு தடவை போங்கள். தேயிலைப் போத்தலுக்கு மேல் ஒட்டிய வாக்கியத்தை அவருக்குச் சொல்லுங்கள். அடகில் உள்ள நகையை மீட்பதற்கான கணக்கையும் இந்த நாட்களிலேயே கணவனும் மனைவியும் உட்கார்ந்து போட்டுவிடுவது நல்லது. கடன் ஒளிந்திருக்கும் வீட்டில் ஜெபமும் அடக்கி வாசிக்கப்படுகிறது.

எதுவும் உணரவில்லை என்றால்

நான்காவது ஞாயிறிலும் உள்ளம் வறண்டே இருக்கலாம். எண்பத்துநான்கு வயதான அன்னாள் தேவாலயத்தை விட்டு நீங்காமல் இரவும் பகலும் ஆராதித்தாள் என்று லூக்கா சொல்கிறார். அந்த நீண்ட ஆண்டுகளில் அவள் ஒவ்வொரு நாளும் என்ன உணர்ந்தாள் என்பதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. குழந்தையைக் கண்ட அன்று அவள் அங்கே இருந்தாள், கடவுளுக்கு நன்றி சொல்லி மற்றவர்களிடமும் குழந்தையைப் பற்றிப் பேசினாள் என்றே எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே தொடர்ந்து வாருங்கள்.

ஆனால் வறட்சி வேறு, நோய் வேறு. இரண்டு வாரங்களுக்கு மேல் உறக்கமும் பசியும் கெட்டு, எதிலும் விருப்பமின்றி, வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் திரும்பத் திரும்ப வருமானால், ஜெபத்தோடு வைத்தியரையும் நாட வேண்டும். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்துப் பேசலாம். தேவதூதன் எலியாவுக்கு அடையும் தண்ணீரும் கொண்டு வந்தது போல, மருந்தும் கடவுள் அனுப்பும் உதவியே. மனநோயை விசுவாசக் குறைவென்று சொல்லி உபவாசத்துக்கு மட்டும் அனுப்பி வைக்கப்பட்ட ஒருவரை நான் அறிவேன். அவர் வைத்தியரிடம் போய்ச் சேர ஓராண்டு வீணாயிற்று. அந்தத் தவறை நம் சபைகளில் இனியும் அனுமதிக்கக் கூடாது.

ஆறாம் வாரம்

சாம்பல் புதனுக்கு முந்திய ஞாயிறுகளில், கடந்த ஆண்டின் குருத்தோலைகளைக் கொண்டு வாருங்கள் என்று பங்குகளில் அறிவிப்பார்கள். தென்னங்குருத்தில் கட்டிய அந்தச் சிலுவை வீட்டுச் சுருவத்துக்குப் பின்னாலோ கதவு நிலைக்கு மேலோ பத்து மாதமாகச் செருகப்பட்டிருக்கும். எடுக்கும்போது ஓரங்கள் நொறுங்கி உள்ளங்கையில் உதிரும், நடுநரம்பு மட்டும் வளையாமல் நிற்கும். அதைப் பத்திரிகைக் கடதாசியில் சுற்றி, ஞாயிறு காலை மழையில் நனையாமல் எடுத்துச் சென்று, வாசலில் வைத்திருக்கும் கடகத்தில் போடுங்கள். அதை எரித்த சாம்பலைத்தான் புதன்கிழமை உங்கள் நெற்றியில் பூசுவார்கள்.